வேல் கீறிய கார்பரேட்டர்

இப்போதெல்லாம் சாமிக்கே லீவு பார்த்துத்தான் திருவிழா வைக்கிறார்கள். ஆடி முதல் வெள்ளியில் ரதம் ஏறி வந்த மாரியம்மன், இந்த வருஷம் ஆடி கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டுமாம். பாரோயிலும் லோபாக்கிலும் குடியேறிவிட்ட பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் வர வசதியாம். அம்மனுக்கு வசதியா என்று ஒருத்தன் கேட்கவில்லை. கேட்டால், வாட்சாப்பில் எல்லாரையும் கேட்டுத்தான் முடிவு செய்தோம் என்கிறான் கோயில் தலைவன் தேவன். அந்தக் குரூப்பில் அம்மன் இருக்கிறாளா என்று முருகையா திருப்பிக் கேட்டார். தேவன் போனைப் பார்த்தான். இந்தக் காலத்தில் பதில் தெரியாதவன் எல்லாம் போனைத்தான் பார்க்கிறான்.

முருகையா யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கடைக்காரன் தராசை நம்பமாட்டார். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையை இரண்டாக உடைத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். மழை வராது என்று டிவியில் சொன்னால் அன்றைக்குக் குடையோடு கிளம்புவார். உலகத்தில் அவர் நம்பினது இரண்டே பேரை. ஒன்று அம்மன். இன்னொன்று பெண்டாட்டி ராக்கம்மா.

அம்மன் ரதம் ஏறுகிற லோரி அவர் பொறுப்பில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து லோரி, பெட்ரோலில் ஓடுவது. புக்கிட் செனா தோட்டத்தில் அதில்தான் அவர் ரப்பர் பால் ஏற்றினார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது கம்பெனி தன்னிடம் இருந்த மூன்று லோரிகளையும் தள்ளிவிட்டது. ஒன்று நம் கோயிலுக்கு வந்தது. ஒன்று தம்பின் பக்கத்து மாதா கோயிலுக்குப் போனது. அதை ஓட்டுகிறவன் ஹரோல்ட். மூன்றாவது ஒரு பழைய இரும்புத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், போனது. அதை அவன் அன்றைக்கே உடைத்து விற்றிருப்பான் என்பது முருகையாவின் தீர்ப்பு.

ஒரு வருஷம் யாரோ லோரி பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து பானெட்டுக்கு முன்னால் ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு. ஒரு சாவி முருகையாவின் அரைஞாண் கயிற்றில். இன்னொன்று ராக்கம்மாவின் மல்லித்தூள் டப்பாவில். அதோடு விடவில்லை. எஞ்சினில் கழற்றக்கூடிய ஒவ்வொரு சாமானிலும் ஆணியால் சின்னதாக ஒரு வேல் கீறி வைத்தார். முக்கியமாக கார்பரேட்டரில். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிறது அதுதான். இந்த லோரிக்கு உள்ள கார்பரேட்டர் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. அதன் உச்சியில் கம்பெனிக்காரன் கோடு கோடாக ஏதோ வெட்டியிருந்தான். முருகையா அதைத் தொடாமல், பக்கவாட்டில் தன் வேலைக் கீறினார். திருவிழா அன்று காலையில் பானெட்டைத் திறப்பார், வேலைப் பார்ப்பார், கும்பிடுவார், மூடுவார். மற்ற நாளில் அதைத் திறக்கிற வேலையே அவருக்கு இல்லை.

இந்த வருஷம் தேவன் அதிலும் கை வைத்தான். ரதம் பாதி வழியில் நின்றால் மானம் போய்விடும், அதனால் புதன்கிழமையே லோரியை ஓட்டிக் காட்டுங்கள் என்றான். வரும்போது தனியாகவும் வரவில்லை. பழைய இரும்பு வாங்குகிற ஆ செங்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆ செங் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஆளும்கூட. சீனன்தான் என்றாலும் தோட்டத்துக் கடைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவன் என்பதால், முருகையா பேரன்களைவிட நல்லாத் தமிழ் பேசுவான். கூடாரம் எங்கே போடுவது என்று பார்க்கத்தான் வந்தான் என்றான் தேவன். ஆனால் ஆ செங் நேராக லோரியிடம் போனான். பானெட் மேல் கையை வைத்து, கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினான்.

"அது நல்லா இருக்கா, அண்ணே?" என்று கேட்டான்.

முருகையாவுக்குச் சுருக்கென்றது. எத்தனை கிலோ தேறும் என்று பார்க்கிறான். மூலையில் கிடந்த தென்னந்துடைப்பத்தைத் தூக்கினார். ஆ செங் சிரித்துக்கொண்டே பின்வாங்கினான். சனிக்கிழமைக்கு அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அது இன்னும் மோசமாகப் பட்டது முருகையாவுக்கு.

லோரியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு தரம் தும்மி அடங்கிவிட்டது. மறுபடியும் திருப்பினார். தும்மக்கூட இல்லை. பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. இறங்கி, பூட்டைத் திறந்து, பானெட்டைத் தூக்கினார்.

கார்பரேட்டர் இருந்தது. வேல் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே வடிவம், அதே அளவு. ஆனால் வயிற்றில் ஒரு வெடிப்பு ஓடியது. அந்த வெடிப்பில் யாரோ துணி துவைக்கிற மஞ்சள் சோப்பை அடைத்து வைத்திருந்தார்கள். கோடும் இல்லை, வேலும் இல்லை. எந்தக் குடிகாரன் லோரியில் கிடந்த குப்பையோ.

"மாத்திட்டான்" என்றார் முருகையா.

"யாரு மாமா மாத்துவா? பூட்டு பூட்டினபடி இருக்கே" என்றான் தேவன்.

"அதான் சொல்றேன். பூட்டத் தொறக்காமலே மாத்திருக்கான். எவ்ளோ பெரிய திருடனா இருப்பான்."

தேவன் பெருமூச்சு விட்டான். சனிக்கிழமை காலைக்குள் லோரி கிளம்பாவிட்டால், பாரோயிலிருந்து விளக்கெல்லாம் வைத்த புது லோரி வரும், அம்மன் அதில் ஏறுவாள் என்றான். இந்த லோரியைத் திருவிழா முடிந்ததும் இரும்புக்குப் போட்டுவிடலாம், கொட்டகையும் இடிகிற நிலையில் இருக்கிறது என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் போனைப் பார்க்கவில்லை. அதனால் நிஜமாகத்தான் சொல்கிறான் என்று முருகையாவுக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போய் ராக்கம்மாவிடம் சொன்னார். அவள் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கீழே சிந்தினாள்.

"நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. சனிக்கெழம காலைல பாத்துக்கலாம்லா. தானா ஓடும்."

"எஞ்சின் எப்படிடீ தானா ஓடும்?"

"அம்மன் வழி விடுவா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்படிக்குப் போனாள்.

பாவம், லோரியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார் முருகையா.

மறுநாள் பஸ் பிடித்து லோபாக் போனார். அந்தச் சோப்புக் கார்பரேட்டரைக் கழற்றி, பழைய சட்டையில் சுற்றி, மடியில் வைத்திருந்தார். தங்கராஜுவின் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், சாமானைக் கொடுங்கள், போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்கிறேன் என்றாள். முருகையா கொடுக்கவில்லை. சட்டையை ஒரு ஓரமாக விலக்கி, எட்ட இருந்தே காட்டினார். கையில் கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். குப்பையாகவே இருந்தாலும் மாற்றுகிறவனுக்குக் குப்பை என்ன, தங்கம் என்ன.

உள்ளேயிருந்து தங்கராஜு வந்தார். அவருக்கும் எட்ட இருந்துதான் காட்டப்பட்டது. அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இங்கிலாந்திலிருந்துதான் வரவேண்டும், மாசக்கணக்கில் ஆகும் என்றார். அவசரமென்றால் ஜப்பான் லோரி கார்பரேட்டர் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் உயரம், மற்றபடி வேலை ஒன்றுதான்.

"ஒக்காருமா?" என்று கேட்டார் முருகையா.

"அளவு எடுத்தா சொல்லுவேன். நீங்கதான் தொடவே விடமாட்டேங்கிறீங்களே."

அளவெடுக்காமலே வாங்கினார். வரும் வழியில் ஒரு பெரிய பூட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பழைய பூட்டைத் திருடன் பழகிவிட்டான் அல்லவா.

ஜப்பான் சாமான் உட்காரவில்லை. ஆணி ஓட்டை ஒரு பக்கம், எஞ்சின் ஓட்டை ஒரு பக்கம். பிஸ்கட் டின்னை வெட்டி நடுவில் தகடு வைத்தார். தகட்டைச் சுற்றிக் காற்றுப் போகாமல் மோட்டார் டியூப்பை வெட்டி வைத்தார். இப்போது உட்கார்ந்தது, ஆனால் பானெட் மூடவில்லை. பானெட்டையே கழற்றிக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார். பானெட் இல்லாத லோரிக்குச் சங்கிலி போட முடியவில்லை. அதனால் சாப்பிடக்கூடப் போகாமல் லோரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலால் மிதிக்கிற பெடலுக்கும் புது சாமானுக்கும் கம்பி எட்டவில்லை. ராக்கம்மாவின் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

சாயங்காலம் கோயில் ஆட்கள் எல்லாரும் நுழைவாசல் வளைவைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. முருகையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேவனைத் திமிராக ஒரு பார்வை பார்த்தார். பெடலை லேசாக மிதித்தார். கயிறு இழுத்தது. காலை எடுத்தார். கயிறு விடவில்லை.

அந்த வயசான லோரிக்கு அவ்வளவு ஓட்டம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். கொட்டகையை விட்டு அலறிக்கொண்டு வெளியே வந்தது. வாழை மரத்தை மிதித்தது. ஆட்கள் ஏணியை விட்டுக் குதித்து ஓடின கையோடு வளைவுக்குள் நுழைந்து, அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, அன்னதானத்துக்கு அடுக்கி வைத்திருந்த பூசணிக்காய்களின் மேல் ஏறி நின்றது. நின்ற பிறகும் வளைவில் இருந்த கலர் பல்புகள் மின்னி மின்னி அணைந்தன. பார்க்கிறதற்கு ரதம் மாதிரியே இருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள்.

யாருக்கும் அடி இல்லை. தேவன் பூசணிக்காய்களைத் தாண்டி வந்தான். அங்கேயே நின்று பாரோய்க்குப் போன் போட்டான்.

செய்தி கேட்டுப் போமன் மகேந்திரன் வந்தான். வருஷா வருஷம் லோரியைச் சர்வீஸ் பண்ணுகிறவன் அவன். பூசணிக்காயை எஞ்சினிலிருந்து வழித்துப் போட்டான். பிஸ்கட் டின்னைப் பார்த்தான். நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"அண்ணே, இதெல்லாம் வேணாம். அந்தச் சோப்பு வெச்சதையே மாட்டி, பானெட்ட மூடி வைங்க. சனிக்கெழம காலைல நான் வந்து பாக்கிறேன்."

முருகையா அவனையே உற்றுப் பார்த்தார். பெண்டாட்டி சனிக்கிழமை காலை என்கிறாள். போமன் சனிக்கிழமை காலை என்கிறான். அந்த இரும்புக்காரனும் சனிக்கிழமைக்கு அப்புறம் என்றான். ராக்கம்மா வெகுளி. மற்ற இரண்டு பேரும் ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வரை இழுத்தடித்து லோரியை இரும்புக்குத் தள்ளப் போகிறார்கள்.

பிறகு ஒரே வழிதான் இருந்தது. ஹரோல்ட்.

ஹரோல்டோடு அவர் பேசுகிறதில்லை. பால் ஏற்றின காலத்தில் ஒரு மழைநாள், இரண்டு பேர் லோரியும் ஒரே சேற்றில் மாட்டின. யார் யாரை இழுத்துவிட்டார்கள் என்பதில் வந்த சண்டை. நான்தான் இழுத்தேன் என்கிறார் இவர். நான்தான் என்கிறான் அவன். இரண்டு லோரியையும் யானை மாதிரி ஒரு டிராக்டர் வந்து இழுத்தது என்று பார்த்தவர்கள் சொல்லுவார்கள். அந்தப் பேச்சை இவர்கள் இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராக்கம்மா, தம்பின் பாசாருக்குப் பூ வாங்கப் போகிறேன் என்று கிளம்பிப் போனாள். அதுவும் நல்லதுதான் என்று முருகையா மோட்டார் சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு மாதா திருநாள். சாயங்காலம் மாதா சப்பரம் ஹரோல்டின் லோரியில்தான் ஊர் சுற்றும். முருகையா போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கோயிலுக்குள் ஜெபத்தில் இருந்தார்கள். வெளியே ஆ செங்கின் கூடாரமும் நாற்காலிகளும் இருந்தன. ரம்புத்தான் மரத்தடியில் லோரி, நீலமும் வெள்ளையுமாகக் காகிதப்பூ சுற்றி நின்றது.

திருட வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்க்கத்தான். பார்த்தால், ஒருவேளை, ஒரு நாளைக்கு. அம்மனுக்காக. ஸ்பேனரைக் கொண்டுவந்தது வழக்கம். கோயில் பக்கம் திரும்பி, இன்னைக்கு நடந்தே போயிடு தாயே, கூட்டம் அதிகமில்ல, என்று மெதுவாகச் சொன்னார்.

பானெட்டுக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு. அவர் வீட்டுப் பூட்டு மாதிரியே இருந்தது. அரைஞாணில் இருந்த சாவியை விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தார். திறந்துகொண்டது. இந்தக் காலத்துப் பூட்டு லட்சணம் இதுதான் என்று காறித் துப்பினார். பானெட்டைத் தூக்கினார். தலையை உள்ளே விட்டார்.

கார்பரேட்டர். பக்கவாட்டில் வேல்.

"திருடன், திருடன்" என்று கத்தினார் முருகையா. கையில் ஸ்பேனரோடு, பாதி உடம்பு அடுத்தவன் எஞ்சினுக்குள் இருக்க, அந்தக் கத்து கத்தினார்.

ஜெபம் நின்றது. கூட்டம் வெளியே வந்தது. முதலில் ஹரோல்ட், வெள்ளைச் சட்டையில். அவன் பின்னால் அவன் மனைவி விக்டோரியா.

"என் லோரிக்குள்ள பூந்துகிட்டு என்னையே திருடங்கிறியா?" என்றான் ஹரோல்ட்.

"இது என் கார்பரேட்டர். இங்க பாரு வேல். நான் கீறினது."

"வேலா? அது இந்தப் பக்கம் மேல்னு கம்பெனிக்காரன் போட்ட அம்புக்குறிடா. என் அடையாளம் அடியில இருக்கு. உன்ன மாதிரி திருட்டுப் பய பாக்கக் கூடாதுன்னு அடியில போட்டேன். கைய விட்டுத் தடவிப் பாரு."

முருகையா கையை விட்டார். அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கீறல். சிலுவை.

ஹரோல்ட் எட்டிப் பக்கவாட்டுக் கீறலைத் தடவிப் பார்த்தான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் சாமானில் நீ ஏன் கீறினாய் என்பதுதான் இருவர் கேள்வியும். உபதேசியார் சமாதானம் பேச வந்து, ஸ்பேனரைப் பார்த்து நின்றுவிட்டார். அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து, பலகாரத் தட்டோடு ராக்கம்மா வந்தாள். கையில் பூ இல்லை.

"போதும் நிறுத்துங்க" என்றாள். "நான்தான் குடுத்தேன்."

முருகையாவுக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். ஹரோல்டுடைய கார்பரேட்டர் உடைந்து பல வருஷம் ஆகிவிட்டது. திருநாளுக்கு லோரி ஓடாது, மனுஷன் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று விக்டோரியா பாசாரில் அழுதாள். அம்மன் ரதம் முடிந்ததும் மகேந்திரன் கழற்றிக் கொண்டுபோய் இங்கே மாட்டுவான். மாதா சப்பரம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவான். முருகையா சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஊறுகிற நேரம் அதற்குப் போதும். பூட்டுகூட இரண்டு பெண்களும் சேர்ந்து ஜோடியாகத்தான் வாங்கினார்கள், ஒரே சாவிக்கு.

"வருஷா வருஷம் நம்மது முன்னாடி, அவுங்களது பின்னாடி. ஒரு கொழப்பமும் இல்ல. இந்தத் தேவன் தேதிய மாத்திட்டான். மாதா வெள்ளிக்கெழம, அம்மன் சனிக்கெழமன்னு ஆயிருச்சு. அதான் மொதல்ல இங்க. சனிக்கெழம காலைல பாத்துக்கலாம்னு நான் சொன்னேனா இல்லியா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடீ?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

விக்டோரியா தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். ஹரோல்ட் அவளைப் பார்த்த பார்வை, முருகையா ராக்கம்மாவைப் பார்த்த பார்வை மாதிரியே இருந்தது. ஆயுசிலேயே முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது.

அதுவும் நிலைக்கவில்லை. அப்படியானால் சாமான் என்னுடையதுதான், இரவல் கொடுத்தவன் நான்தான், அன்றைக்குச் சேற்றில் இழுத்துவிட்டதும் நான்தான் என்று முருகையா ஆரம்பித்தார். ஹரோல்ட் சட்டைக் கையை மடித்தான். கூடாரத்துக் கம்பத்தை இறுக்கிக்கொண்டிருந்த ஆ செங் வேலையை விட்டுவிட்டு வந்தான். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கார்பரேட்டரின் உச்சியைக் கட்டைவிரலால் துடைத்தான். அந்தக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க, அண்ணே" என்றான். "இவங்க மாதா இன்னைக்குச் சுத்தட்டும், உங்க அம்மன் நாளைக்குச் சுத்தட்டும். அடுத்த வாரம் எங்களுக்குப் பேய் மாசம், செத்தவங்களுக்குப் படைக்கிற மாசம் பொறக்குது, எங்க கோயில் லோரிக்கு அதுக்குள்ள திருப்பிக் குடுத்தா போதும். மேல வெட்டியிருக்கிறது சீனத்துல எங்கப்பா பேரு, அந்த மூணாவது லோரிய வாங்கினவரு. உங்களோடது அந்தச் சோப்பு அடச்சதுதான்."

முருகையா ராக்கம்மாவைப் பார்த்தார். அவள் பலகாரத் தட்டைப் பார்த்தாள். கூட்டத்தோடு வந்திருந்த மகேந்திரன் ரம்புத்தான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"எல்லாரும் பேசி வெச்சிக்கிட்டுப் பேசுறீங்க" என்றார் முருகையா. "இதெல்லாம் நான் நம்பமாட்டேன்."

சட்டைப்பையிலிருந்து லோபாக்கில் வாங்கின புதுப் பூட்டை எடுத்தார். ஒரு சாவியைப் பிரித்து அரைஞாணில் முடிந்துகொண்டார். இன்னொன்றை ராக்கம்மாவிடம் நீட்டினார்.

"பத்திரமா வெச்சுக்க" என்று மெதுவாகச் சொன்னார். "இதுல ஒருத்தனையும் நம்ப முடியாது."

சொல்லிவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் மோட்டாரை நோக்கி நடந்தார்.